தலைப்புக்கு ஜிகினா எதற்கு?

முன்னெச்சரிக்கை: இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றெல்லாம் பசப்பப் போவதில்லை. வேர்ட் ஆர்ட்டில் தலைப்பு போடுகிற மக்கள் லேசாகப் புண்பட்டால்தான் எனக்குத் திருப்தி.

நான் புனே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆபீசில் என் பிழைப்பே மற்றவர்கள் எழுதித் தள்ளுகிற அறிக்கைகளையும் மேனுவல்களையும் ஒழுங்குபடுத்துவதுதான். அந்தப் பாவத்துக்கு, இங்கே இருக்கிற தமிழ் ஜனங்கள் எதை எழுதினாலும் கடைசியில் என் மெயிலுக்கு வந்து சேரும். சங்கத்தின் ஆண்டு மலர், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பின் பாடத்தாள், ஐயப்ப பூஜை நோட்டீஸ், பொங்கல் விளையாட்டுப் போட்டி விதிமுறை. "நீங்க சும்மா ஒரு தடவை பாத்துக் குடுத்தாப் போதும் சார்" என்பார்கள். அந்தச் சும்மாவுக்கு எனக்கு மூன்று ராத்திரி தூக்கம் போகும். முப்பது பேர் முப்பது ஃபைல் அனுப்புவார்கள். உள்ளே விஷயம் எப்படி இருந்தாலும் தலைப்பு மட்டும் முப்பது தினுசாக, கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜோடித்து வரும்.

ஒருவர் தலைப்பை வில் மாதிரி வளைத்து வானவில் கலர் அடித்திருப்பார். அந்தப் பழைய வானவில் டிசைன் வேர்ட் 2007 வரைக்கும் இருந்தது, 2010-ல் வேர்ட் ஆர்ட்டையே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் நம்மாட்கள் 2006-ல் செய்த பழைய டாக் ஃபைலை அப்படியே பாதுகாத்து, தலைப்பை மட்டும் மாற்றி வருஷா வருஷம் அனுப்புகிறார்கள். இன்னொருவர் தலைப்புக்கு முன்னால் மூன்று நட்சத்திரம், பின்னால் மூன்று நட்சத்திரம். மூன்றாமவர் அடியில் கோடு, அதற்கடியில் அலைக்கோடு, அதற்கும் அடியில் ரோஜாப்பூ. பக்கத்தைச் சுற்றி வேர்டில் படப் பார்டர் போடலாம் இல்லையா, ஆப்பிள், கேக் துண்டு, கிறிஸ்துமஸ் மரம் என்று வரிசையாக இருக்குமே? ஒருவர் தன் அப்பாவின் முதல் வருஷத் திதி அறிவிப்பைச் சுற்றி நாலு பக்கமும் கேக் துண்டு அடுக்கியிருந்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டம் கட்டமாக அழகாக இருந்ததாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இல்லைங்க. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எதிர்க்கட்சிக்கு ஒரு பாயின்ட் கொடுத்துவிடுகிறேன். தமிழில் தலைப்பைத் தனித்துக் காட்டுவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கேப்பிடலில் போட்டால் தலைப்பு ஆகிவிடும். சாய்வெழுத்து என்று தனியாக ஒரு ஜாதியே உண்டு. நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. பெரும்பாலான தமிழ் ஃபான்டுகளில் சாய்வெழுத்து தனியாக வரைந்திருக்காது, இட்டாலிக் பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் நேரான எழுத்தையே பிடித்துத் தள்ளிவிடும். 'ழ' குடித்துவிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஆக நமக்கு மிஞ்சுவது அளவு, தடிமன், நிறம், இடைவெளி, கோடு. அலங்காரம் நமக்குத் தேவைதான். கலாட்டா எல்லாம் அதை எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான்.

அந்தக் காலத்து அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். ஈய எழுத்து ஒரு தட்டில், பூவும் பார்டரும் வேறு தட்டில். கம்போசிட்டர் தலைப்பைக் கோத்துவிட்டு அதற்கு வெளியே பூவை அடுக்குவார். பூவுக்காக எழுத்தை யாரும் அரத்தால் ராவியதில்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதைத் தலைப்பை ஓவியர் கையால் சுழித்துச் சுழித்து வரைந்திருப்பார், உண்மைதான். ஆனால் பொருளடக்கத்தில் அதே தலைப்பு சாதா எழுத்தில், பக்க எண்ணோடு அடக்கமாக உட்கார்ந்திருக்கும். தேடுகிறவனுக்கு அது, ரசிக்கிறவனுக்கு இது.

நாம் செய்வது என்ன? வாசலில் கோலம் போடுகிறோம் பேர்வழி என்று கதவின் மேலேயே மாவைப் பூசி சாவித் துவாரத்தை அடைக்கிறோம்.

எப்படி என்றால், வேர்டுக்கு நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டதெல்லாம் தலைப்பு இல்லை. 26 பாயின்ட், போல்டு, சிவப்பு, அடிக்கோடு எல்லாம் போட்டாலும் அதற்கு அது ஒரு சாதாரண வரி, கொஞ்சம் பவுடர் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைக் கொடுத்தால்தான் அதற்குத் தலைப்பு என்று உறைக்கும். உறைத்தால் பொருளடக்கம் தானாக வரும், இடது பக்கப் பலகையில் தலைப்புகள் வரிசையாக வரும், தட்டினால் அந்த இடத்துக்குப் போகும், பக்கத்தின் கடைசி வரியில் தலைப்பு மட்டும் அநாதையாக நிற்காமல் அடுத்த பாராவோடு சேர்ந்தே நகரும். வேர்ட் ஆர்ட்டோ பக்கத்தின் மேல் மிதக்கிற ஒரு படம் மாதிரி. மேலே இரண்டு வரி கூடினால் அது ஒரு பக்கம் போகும், கட்டுரை ஒரு பக்கம் போகும். ஒரு வருஷ மலரில் இரங்கல் செய்தியின் தலைப்பு இப்படி மிதந்து போய் வத்தக்குழம்பு செய்முறையின் தலையில் உட்கார்ந்துகொண்டது. ப்ரூஃபில் நான் பார்த்துப் பிடித்தேன். அந்த மாமி இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தலைப்பு என்பது வழிகாட்டி என்பது நமக்கு ஒன்றும் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த சங்கதி இல்லை. தொல்காப்பியத்தில் 3 அதிகாரம், அதிகாரத்துக்கு 9 இயல், ஆக 27. குறளில் 3 பால், அதற்குள் 38, 70, 25 என்று 133 அதிகாரம். பாலை ஹெடிங் 1, அதிகாரத்தை ஹெடிங் 2 என்று வைத்தால் அப்படியே வேர்டில் உட்காரும். 1330 குறளையும் தலைப்பில்லாமல் ஒரே மூச்சாக அடித்துக் கொடுத்து, "நட்பு பற்றி எங்கே இருக்கு, கண்டுபிடி" என்றால் என்ன செய்வீர்கள்?

சரி, காரத்தின் காரணத்துக்கு வருகிறேன்.

2021 ஏப்ரல். இரண்டாவது அலை. அப்போது புனேயில் இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விவரிக்க வேண்டியதில்லை. நம் மக்களில் நாலு பேர் ராப்பகலாக உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பருக்கும் தாங்களே போன் போட்டுச் சரிபார்த்து, பதினோரு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் சிலிண்டர், ஆம்புலன்ஸ், பிளாஸ்மா கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், தனிமைப்படுத்திக்கொண்ட வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பவர்கள். அந்த நாலு பேர் காலைத் தொட்டுக் கும்பிடலாம், அப்படிப்பட்ட வேலை. வெளியே அனுப்புவதற்கு முன்னால் "கொஞ்சம் எடுப்பா பண்ணிடறேன்" என்று ஒரு பெரியவர் ஃபைலை வாங்கினார். நம்பரும் ஆட்களின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. தலைப்பு மட்டும் தமிழ். அதை அவர் தனக்குப் பழக்கமான பழைய தமிழ் ஃபான்டில் அடித்து, வேர்ட் ஆர்ட் ஆக்கி, நிழல் கொடுத்து, இரண்டு பக்கமும் பூ வைத்து வாட்ஸப்பில் விட்டார்.

பழைய ஃபான்ட் என்றால் என்ன என்று சின்னவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய ஏற்பாடு. உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனும்தான். அதன் மேல் தமிழ் முகமூடி மாட்டியிருக்கும். முகமூடி இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் குப்பையாகத் தெரியும். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. நம் சங்கத்துப் பெரியவர்களுக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை போல.

ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு போன். வாகட் பக்கம் இருக்கிற நண்பர். அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கிவிட்டது. "டேய், அந்த லிஸ்ட்ல ஆக்சிஜன் எந்தப் பக்கம்டா? தலைப்பே தெரியலடா" என்றான். என் போனில் திறந்து பார்த்தேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் சில பக்கங்களில் வெறும் வெள்ளை, சில பக்கங்களில் ஆங்கில எழுத்துக் குப்பை, இரண்டு பக்கமும் பூ மட்டும் பத்திரமாக இருந்தது. ஆக்சிஜன் என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அந்தச் சொல்லே ஃபைலுக்குள் இல்லையே. பதினோரு பக்கமும் வெறும் ஆள் பெயர், போன் நம்பர், ஆள் பெயர், போன் நம்பர். அவன் முதலில் கூப்பிட்ட மூன்று நம்பரும் சாப்பாடு கொடுக்கிறவர்கள். பாவம், தூக்கத்தில் எழுந்து "ரசம் சாதம் காலைல அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாலு பேரில் ஒருவர் போனை எடுத்து, எட்டாவது பக்கம் என்று சொல்லும்வரை இருபத்தைந்து நிமிஷம் போயிற்று.

அம்மா பிழைத்துவிட்டார்கள். போன தீபாவளிக்குக்கூட அவர்கள் கையால் ரிப்பன் பக்கோடா சாப்பிட்டேன். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிஷத்தை யார் கணக்கில் எழுதுவது? வைரஸ் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். பெரியவர் சொன்ன பதில்: "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தம்பி தெரியுது?" இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவதற்காகவா சார் அதை எழுதினோம்?

வெளியூரில் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். சென்னையிலோ மதுரையிலோ அச்சகத்தில் தலைப்பு உடைந்து போனால் டிடிபி பார்க்கிற பெண் "என்ன சார், கொம்பு தனியா தொங்குது" என்று கேட்டுவிடும். இங்கே அச்சகத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்ல மனுஷர், நாக்பூர்க்காரர், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. 'கொ'வின் கொம்பு ஒரு வரியிலும், 'க' அடுத்த வரியிலும், கால் அதற்கடுத்த வரியிலும் நின்றால்கூட, மதராசி எழுத்து இப்படித்தான் போல என்று அச்சடித்து ஐநூறு காப்பி பைண்டும் பண்ணிவிடுவார். பழைய ஃபான்டில் ஒவ்வொரு துண்டும் தனி எழுத்து. வேர்ட் ஆர்ட்டில் செங்குத்தாக அடுக்கினீர்கள் என்றால் நிஜமாகவே அப்படித்தான் பிரியும். ஊர் பஸ் ஸ்டாண்ட் செங்குத்துப் போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். நம் ஃபைலைக் காப்பாற்ற வழியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற மாதிரி செய்துதான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது அடிக்கோடு. தலைப்பு என்றால் அடிக்கோடு போட வேண்டும் என்று யாரோ நம் எல்லாருக்கும் மூன்றாம் வகுப்பில் ஸ்கேல் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். நோட்டில் போட்ட கோடு எழுத்துக்குக் கீழே தள்ளி இருந்தது. கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், யு தட்டினால் கோடு எழுத்தின் பாதத்தை ஒட்டி ஓடும். தமிழில் பாதத்துக்குக் கீழேதான் ஐயா விஷயமே இருக்கிறது. 'பு'வுக்கும் 'பூ'வுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கீழே. 'சு'வும் 'சூ'வும் அப்படித்தான். கோடு அங்கே குறுக்கே ஓடினால் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும்.

தெரிந்த நமக்குப் பிரச்சினை இல்லை, பழக்கத்தில் படித்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற குழந்தைகள்? வாரம் பூரா ஸ்கூலில் மராத்தியும் இந்தியும் படிக்கிறார்கள். அங்கே எழுத்தெல்லாம் மேலே ஒரு கோட்டில் தொங்கும். இங்கே வந்தால் கோடு கீழே. ஒரு பாடத்தாளில் தலைப்பு 'பூட்டு' என்று இருந்தது. அடிக்கோடு, அதற்கு மேல் போல்டு, அதற்கு நிழல் வேறு. மூன்றாம் வகுப்புப் பெண் எழுந்து 'புட்டு' என்று படித்தது. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அந்தக் குழந்தை அதற்கடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "அவளுக்குத் தமிழ்ல இன்ட்ரெஸ்ட் இல்ல போல" என்று அம்மா சொன்னதாகக் கேள்வி. நான் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கும் அது புட்டுதான்.

தமிழ் அழிந்துவிடும், பிள்ளைகள் படிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் முழங்குகிறோம். முதலில் அவர்கள் படிக்கிற மாதிரி நாலு எழுத்து தெளிவாக அச்சடித்துக் கொடுப்போமே.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதியால் பார்வை போய்விட்டது. கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற மென்பொருள் வைத்துக் கேட்டுக்கேட்டுப் படிக்கிறார். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர், அவரும் பார்வையற்றவர், 2006-ல் ஆரம்பித்தது. இலவசம். தமிழும் வாசிக்கும், கொஞ்சம் எந்திரன் குரலில். வாசிப்பு முறையில் வைத்துக்கொண்டு ஹெச் என்ற ஒரு எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 தட்டினால் ஹெடிங் 1 மட்டும், 2 தட்டினால் ஹெடிங் 2. நாம் கண்ணால் பக்கத்தை மேய்கிறோமே, அதை அவர் விரலால் செய்கிறார். நம் ஆண்டு மலரில் ஹெச்சைத் தட்டினால் 'அடுத்த தலைப்பு இல்லை' என்று சொல்லிவிட்டது. அறுபத்தெட்டு பக்கத்தில் ஒரு தலைப்புகூட இல்லை! மிதக்கிற வேர்ட் ஆர்ட்டை அது கண்டுகொள்வதே இல்லை. நட்சத்திரம் அடித்திருந்த இடத்தில் மட்டும் 'ஸ்டார் ஸ்டார் ஸ்டார்' என்று விடாமல் வாசித்ததாம்.

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "கதை எப்ப முடிஞ்சுது, சமையல் குறிப்பு எப்ப ஆரம்பிச்சுதுன்னே தெரியலப்பா. கதாநாயகி ரயில்வே ஸ்டேஷன்ல அழுதுண்டு நின்னா, திடீர்னு கால் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுட்டா."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சந்தா கட்டுகிறவர்.

"அப்போ மலர் மொட்டையா, அரசாங்க கெஜட் மாதிரி இருக்கணுமா?" என்று செயற்குழுவில் ஒரு மேடம் கேட்டார். நியாயமான கேள்வி. யார் சொன்னது மொட்டையாக இருக்க வேண்டும் என்று? தலைப்பை அடித்துவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். கூகுள் டாக்ஸிலும் இதே சாவிதான், லிப்ரே ஆபீசில் கண்ட்ரோல், 1. அது தலைப்பாகிவிட்டது. இனி உங்கள் ஆசை தீர ஜோடியுங்கள், ஆனால் ஸ்டைலுக்குள் போய் ஜோடியுங்கள். வேர்டில் மேலே ஸ்டைல்ஸ் வரிசையில் இருக்கிற ஹெடிங் 1-ஐ வலது கிளிக் செய்து 'மாடிஃபை' போனால் கீழே 'ஃபார்மட்' என்று ஒரு பட்டன் இருக்கும். சகல சீர்வரிசையும் அதற்குள் இருக்கிறது. அடியில் கோடு வேண்டுமா? 'பார்டர்' போங்கள். அங்கே போடுகிற கோடு பாராவின் கோடு, எழுத்தை ஒட்டி ஓடாது. 'ஆப்ஷன்ஸ்' போய் எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் 4, 5 பாயின்ட் தள்ளி வைக்கலாம். இடது பக்கம் மட்டும் தடியாக ஒரு குங்குமக் கலர் பட்டை, பின்னால் வெளிர் மஞ்சள், மேலே 18 பாயின்ட் இடைவெளி, முடிந்தது. பட்டுப் புடவை பார்டர் மாதிரி கம்பீரமாக இருக்கும். நாற்பது கட்டுரைக்கும் ஒரே அடியில் மாறும். குங்குமம் பிடிக்கவில்லை, மாம்பழக் கலர் வேண்டும் என்று தலைவர் கடைசி நாளில் சொன்னால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். (தலைவர் சொல்வார். எல்லா வருஷமும் சொல்கிறார்.)

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, பல பேர் இதில்தான் வெறுத்துப்போய் வேர்ட் ஆர்ட் பக்கம் ஓடுகிறார்கள். ஃபான்ட் பெட்டியில் என்ன மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறாமல் அடம் பிடிக்கும். வேர்ட் தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஃபான்ட் ஜன்னலில் அதற்கென்று கீழே தனிப் பெட்டி, தனி அளவு. அங்கே மாற்றினால்தான் தமிழ் அசையும். லதாவும் நிர்மலாவும் அலுத்துவிட்டதா? கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது: கெட்டியாக, குண்டாக வேண்டுமா, பாலூ தம்பி. கையெழுத்து மாதிரி வேண்டுமா, கவிவனார். மெலிதாக, அடக்கமாக வேண்டுமா, பவனம். எல்லாம் யூனிகோட். இவற்றில் அழகு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃபான்ட் இல்லாத போனில் திறந்தால் அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சொல் போகாது.

மூன்று ஹைஃபன் அடித்து என்டர் தட்டினால் தானாக ஒரு நீளக் கோடு வருமே, அது பலருக்குப் பெரிய மாயம். மூன்று சமக்குறி அடித்தால் இரட்டைக் கோடு, மூன்று நட்சத்திரம் அடித்தால் புள்ளிக்கோடு. வந்த கோட்டை அழிக்கத் தெரியாமல் அதன் மேல் வெள்ளைக் கலரில் ஒரு பெட்டி வரைந்து மூடி அனுப்பியவரை எனக்குத் தெரியும். அது மேலே இருக்கிற பாராவின் பார்டர்தான் சார். அந்த வரியில் கர்சரை வைத்து 'நோ பார்டர்' கொடுத்தால் போய்விடும்.

"பிரிண்டுக்குத்தானே போகுது, யாரு தேடப்போறா?" என்பது அடுத்த வாதம். அறுபத்தெட்டு பக்க மலர் ஐநூறு அச்சடிக்கிறோம். பிடிஎஃப் எத்தனை போனுக்குப் போகிறது? அமெரிக்காவில் இருக்கிற பையனுக்கு, திருநெல்வேலியில் இருக்கிற அக்காவுக்கு, பழைய செயலாளருக்கு. படிக்கப்படுவது அதுதான். ஹெடிங் கொடுத்திருந்தால் பிடிஎஃப் ஆக்கும்போது 'ஆப்ஷன்ஸ்' போய் புக்மார்க் வேண்டும் என்று ஒரு டிக் அடித்தால் போதும், தலைப்பெல்லாம் ஓரத்தில் வரிசையாக நிற்கும். பத்து வருஷம் கழித்து "எங்கப்பா 2024 மலர்ல காவிரி பத்தி எழுதினாரே" என்று ஒரு பிள்ளை தேடி வந்தால், கிடைக்க வேண்டாமா?

"எல்லாருக்கும் இதெல்லாம் தெரியாதுப்பா, வயசானவங்க" என்பது கடைசி வாதம். மன்னிக்கணும். வேர்ட் ஆர்ட்டை வளைத்து, நிழலின் கோணத்தைத் திருப்பி, வானவில் கலரை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க நாற்பது நிமிஷம் பொறுமையாக உட்காருகிறவர்களுக்கு மூன்று சாவியைச் சேர்த்துத் தட்ட முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன். வயசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முப்பது வயது ஐடி பையன்கள்தான் இப்போது தலைப்பைத் தனி ஆப்பில் படமாகச் செய்து ஃபைலுக்குள் ஒட்டி அனுப்புகிறார்கள். வேர்ட் ஆர்ட்டின் பேரன் அது. தாத்தாவின் எல்லாக் குணமும் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் மலருக்கு நான் ஒரு டெம்ப்ளேட் செய்து குழுவில் போட்டிருக்கிறேன். குங்குமப் பட்டை, ஹெடிங் 1, ஹெடிங் 2, தமிழ் ஃபான்ட் உள்ளேயே பதித்திருக்கிறது. அதில் அடித்து அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும். அனுப்ப முடியாதவர்கள் கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலும் நான் அடித்துக்கொள்கிறேன். வேர்ட் ஆர்ட்டோ, படத் தலைப்போ, பூவோ வந்தால் கேட்காமல் பிடுங்கிவிட்டுச் சாதாத் தலைப்பாக மாற்றிவிடுவேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. முதல் பலி யார் என்று கேட்கிறீர்களா? தங்கமணியின் 'மார்கழிக் கோலங்கள்' கட்டுரை. தலைப்பைச் சுற்றி இருபத்தொரு புள்ளிக் கோலம் வரைந்து, அதற்கு நடுவில் வளைத்து வைத்திருந்தார்கள். நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன். இன்று காலை காபி நானே போட்டுக்கொண்டேன் :-)